ஆடிட்டர் ஆபீஸா, கம்பெனியா, ஐடி பார்க்கா, தனியாவா: கொங்குப் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எந்த எடம் ஒத்து வரும்?

பி.காம் முடிச்ச பசங்களும் புள்ளைங்களும் கேக்கறது சுத்தி சுத்தி ஒரே கேள்விதானுங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல கூப்டறாங்க ஆனா சம்பளம் கம்மி, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில எச்சா தர்றாங்க, சரவணம்பட்டி ஐடி பார்க்ல அமெரிக்காக்காரன் கணக்கு எழுத ஆள் எடுக்கறாங்க, எதுல போய்ச் சேரட்டும்? இன்னொரு கூட்டம் அஞ்சாறு வருசமா ஒரே சீட்ல பர்ச்சேஸ் என்ட்ரி போட்டுட்டு, எடம் மாறலாமா, இல்ல தனியா நாலு பார்ட்டி புடிச்சு பண்ணலாமான்னு யோசிச்சுட்டு இருக்கும். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் இத எழுதறேன்.

என் கட்சி என்னன்னு மொதல்லயே சொல்லிர்றேன். மொத மூணு நாலு வருசத்துக்கு, உங்க கை பேலன்ஸ் ஷீட் வரைக்கும் போற எடம்தான் நல்ல எடம், சம்பளம் ரெண்டாயிரம் மூவாயிரம் முன்னபின்ன இருந்தாலும் சரி. அதுக்கப்பறம் வீட்டு நெலம, ஒடம்பு, கல்யாணம், குழந்தைங்க ஸ்கூலு, அப்பா அம்மா வயசு எல்லாத்தையும் வெச்சுத்தான் பாக்கணும், அப்ப பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

மொதல்ல எத வெச்சு அளக்கறது

சம்பளத்த மட்டும் பாத்து முடிவு பண்றவங்கதான் நெம்பப் பேரு. நான் பாக்கச் சொல்றது அஞ்சு விசயம்.

ஒன்னு, வேலை எது வரைக்கும் கத்துக்கலாம். வவுச்சர் போடறது, பேங்க் ரீகன்சிலேஷன் (நம்ம கணக்கையும் பேங்க் கணக்கையும் ஒத்துப் பாக்கறது), 2பி மேட்சிங் (வாங்கின பில்லு ஜிஎஸ்டி போர்ட்டல்ல வந்திருக்குதான்னு சரி பாக்கறது), ரிட்டர்ன், அப்பறம் பைனலைசேஷன் (வருசக் கணக்க முடிச்சு பேலன்ஸ் ஷீட் போடறது)னு படி இருக்குது. நீங்க எந்தப் படில நிக்கப்போறீங்க, மேல ஏத்தி விடுவாங்களா, இல்ல மொதப் படிலயே உக்கார வெச்சுருவாங்களா?

ரெண்டு, பக்கத்து சீட்ல யாரு. கத்துக்குடுக்கற ஒரு சீனியர் இருந்தா சின்ன ஆபீஸும் காலேஜ் மாதிரிதான். கேட்டா எரிஞ்சு விழற ஆள்னா எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் ரெண்டு வருசம் வீணு.

மூணு, கையில நிக்கற காசு. கோபில இருந்து ஒருத்தர் போறார்னு வெச்சுக்குவோம். கோயமுத்தூர்ல 25,000 சம்பளம், ஹாஸ்டலும் சாப்பாடும் 8,000, வாராவாரம் ஊருக்கு வந்து போறதும் கைச்செலவும் 3,000, மிச்சம் 14,000. பெருந்துறை சிப்காட்ல 19,000, கம்பெனி பஸ் வருது, மதியச் சாப்பாடு வீட்ல இருந்து, செலவு 1,000 போனா 18,000 நிக்குது. இந்தக் கணக்க உங்க நெம்பர்ல போட்டுப் பாருங்க. கூடவே பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டா, தீபாவளிக்கு போனஸ் உண்டா, சம்பளம் தேதிக்கு வருதான்னும் கேட்டுக்குங்க. சில எடத்துல 7ஆம் தேதின்னு சொல்லிட்டு 20 வரைக்கும் இழுப்பாங்க.

நாலு, நேரம். அக்கவுண்ட்ஸ்காரனுக்கு காலண்டரே வேறங்க. 7ஆம் தேதி டிடிஎஸ் (புடிச்சு வெச்ச வரி) கட்டணும், 11 ஜிஎஸ்டிஆர் 1 (வித்த பில்லுக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன்), 15 பிஎஃப் ஈஎஸ்ஐ, 20 த்ரீபி (மாச வரி கட்டற ஜிஎஸ்டி ரிட்டர்ன்), இதுக்கு நடுவுல பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். நோம்பி, கல்யாணம், காதுகுத்து எல்லாம் இந்தத் தேதிங்கள பாத்துட்டு வராது. எந்த எடத்துல எந்த மாசம் உங்க கழுத்தப் புடிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சு போகணும்.

அஞ்சு, கணக்கு சுத்தமா இருக்குதா. இத யாரும் இன்டர்வியூல கேக்கறதில்ல, ஆனா நான் இதத்தான் பெருசாப் பாப்பேன், கீழ தனியா சொல்றேன்.

ஆடிட்டர் ஆபீஸ்

இதுல ரெண்டு விதம் இருக்குதுங்க, கலந்து கொழப்பிக்கக் கூடாது. சிஏ படிக்கறவங்க ஆர்ட்டிகிள்ஸா, அதாவது பயிற்சிக்கு, சேர்றது ஒன்னு. 2023 ஜூலைல இருந்து வந்த புது முறைல இன்டர் ரெண்டு குரூப்பும் பாஸ் பண்ணிட்டு ரெண்டு வருசம் ஆர்ட்டிகிள்ஸ், முன்னாடி மூணு வருசம். இவங்களுக்கு ஆபீஸ் தேர்ந்தெடுக்கறது ஸ்டைபண்ட வெச்சு இல்ல, எத்தன விதமான கிளையண்ட் அங்க வருது, படிக்கறதுக்கு லீவு ஒழுங்கா குடுப்பாங்களாங்கறத வெச்சு. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் நாலு ஊர்லயும் சிஏ இன்ஸ்டிட்யூட்டோட கிளை இருக்குது, அங்க கிளாஸுக்கு வர்ற சீனியர் பசங்ககிட்ட ஒரு அரைமணி நேரம் பேசினா எந்த ஆபீஸ் எப்படின்னு வெளிய தெரிஞ்சுரும்.

இன்னொன்னு, பி.காம் முடிச்சுட்டு சம்பளத்துக்கு ஸ்டாஃபா சேர்றது. இதப் பத்தித்தான் கேள்வி நெறைய வருது. சம்பளம் மத்த எடத்த விட கம்மியாத்தான் ஆரம்பிக்கும், உள்ளதச் சொல்றேன். ஆனா ஒரே வருசத்துல ஒரு அரிசி மண்டி, ஒரு நூல் மில்லு, ஒரு டாக்டர், ஒரு பைனான்ஸ், ஒரு லாரிக்காரர்னு அத்தன பேர் கணக்கும் உங்க மேசைக்கு வரும். லாரி வெச்சிருக்கறவர் 10 வண்டிக்குள்ள இருந்தா வண்டிக்கு இவ்வளவுன்னு அனுமானத்துல வருமானம் காட்டலாம், அதத் தாண்டினா அந்த வழி கெடையாது. இந்த மாதிரி நுணுக்கம் ஒரு கம்பெனிக்குள்ள உக்காந்து பத்து வருசம் வேலை பாத்தாலும் கண்ணுல படாது.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா நேரம்தான். ஜூலைல தனிநபர் ரிட்டர்ன் ஆரம்பிச்சா செப்டம்பர் 30 டேக்ஸ் ஆடிட் வரைக்கும் மூச்சு விட முடியாது. செப்டம்பர் கடைசி வாரத்துல ஒரு ஆபீஸ்குள்ள போய்ப் பாருங்க, மேசைல பைல் மேல பைல், ஒரு பார்ட்டி இன்னும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டே அனுப்பல, இன்னொருத்தர் கேஷ் புக்ல பாதி மாசம் நெகட்டிவ்ல நிக்குது, போர்ட்டல் சுத்திட்டே இருக்குது, ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா பார்சல் வந்து எறங்கும். கல்யாணமாகி கைக்குழந்தையோட இருக்கற புள்ளைங்களுக்கு அந்த மூணு மாசம் நெம்பக் கஷ்டம், வீட்ல ஒத்தாசைக்கு ஆள் இருக்கணும்.

இன்னொரு பிரச்சனை, சில ஆபீஸ்ல ஒரே வேலைல உக்கார வெச்சுருவாங்க. ரெண்டு வருசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் போட்டுட்டு வெளிய வந்தா பைனலைசேஷன் தெரியாத ஆடிட் ஆபீஸ் ஆளுன்னு ஆயிரும். சேர்றப்பவே, "ஒரு வருசம் கழிச்சு எனக்கு பைனலைசேஷன் குடுப்பீங்களா சார்"னு கேட்டுருங்க. நல்ல ஆடிட்டர் இதக் கேட்டா சந்தோசப்படுவார்.

யாருக்கு ஒத்து வரும்: புதுசா வர்றவங்களுக்கு, சிஏ, சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டண்ட்) படிக்கறவங்களுக்கு, பின்னாடி தனியா பண்ணணும்னு நெனைக்கறவங்களுக்கு.

கம்பெனி அக்கவுண்ட்ஸ்

இதுல ஊருக்கு ஊர் வேலையே வேறங்க, எல்லாத்தையும் கம்பெனின்னு ஒரே பேர்ல சொல்லிட்டா தப்பாப் போயிரும்.

திருப்பூர் எக்ஸ்போர்ட்னா டேலி தெரிஞ்சா மட்டும் பத்தாது. ஷிப்பிங் பில், டிராபேக், ஆர்ஓஎஸ்சிடிஎல் (ரெண்டும் ஏற்றுமதிக்கு கவர்மெண்ட் திருப்பித் தர்ற வரி), ஜிஎஸ்டி ரீபண்டு, பேக்கிங் கிரெடிட் (ஆர்டர வெச்சு பேங்க் தர்ற கடன்), பார்வேர்டு புக்கிங் (டாலர் ரேட்ட முன்கூட்டியே பேசி வெக்கறது)னு பேங்கும் கஸ்டம்ஸும் சேந்த கணக்கு. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங்னு துணி வெளிய போய்ப் போய் வரும், ஒவ்வொன்னுக்கும் ஜாப் ஒர்க் டிசி (டெலிவரி சலான்), வந்த எடைக்கும் போன எடைக்கும் வித்தியாசம், அத டையிங் பில்லுல கழிக்கறது. வெள்ளிக்கெழம பொழுதோட ஆரம்பிச்சு சனிக்கெழம வரைக்கும் வாரச் சம்பளம் வேற, ஷிப்டு கணக்கு, பீஸ் ரேட் கணக்கு, கான்ட்ராக்டர் கணக்கு தனித்தனியா வரும், ஒரு டெய்லர் அரை ஷிப்டு கொறையுதுன்னு வந்து நின்னா பஞ்சிங்க எடுத்துப் பாத்து அப்பவே சரி பண்ணிக் குடுக்கணும். இத ரெண்டு வருசம் ஒழுங்காப் பாத்தவங்களுக்கு திருப்பூர்ல வேலைக்குப் பஞ்சமே கெடையாது. ஆனா தொழில் ஆடினா வேலையும் ஆடும். 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப அமெரிக்க பையர மட்டும் நம்பி இருந்த கம்பெனிகளுக்கு எப்படி இருந்துச்சுன்னு திருப்பூர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதனால இன்டர்வியூலயே எந்த நாட்டு ஆர்டர் எவ்வளவுன்னு கேக்கறதுல தப்பே இல்லைங்க.

கோயமுத்தூர் பவுண்டரி, பம்ப்செட் கம்பெனிகள்ல காஸ்டிங் நல்லா வரும். உருக்குறதுல எவ்வளவு போச்சு, ரிஜெக்சன் எவ்வளவு, கரண்ட் பில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு விழுதுன்னு பாக்கற எடம், சிஎம்ஏ படிக்கறவங்க இங்க போனா புக்குல படிச்சது கண்ணு முன்னாடி நடக்கும். நாமக்கல் கோழிப்பண்ணைல முட்டைக்கு ஜிஎஸ்டி கெடையாது, அதனால ரிட்டர்ன் வேலை கம்மி, வாங்கின பொருளுக்கு கட்டின வரிய கிரெடிட்டா கழிச்சுக்கவும் முடியாது. அங்க கணக்கே தீவனமும் முட்டை வெலையும்தான், மக்காச்சோளம், சோயா வெலை ஏறினா லாபம் எங்க போச்சுன்னு ஓனருக்குச் சொல்ற ஆள்தான் நல்ல அக்கவுண்டண்ட். திருச்செங்கோட்டு ரிக் வண்டி (போர்வெல் போடற லாரி) கணக்கு இன்னொரு ரகம், வண்டி மாசக்கணக்கா வேற ஸ்டேட்ல ஓடும், டீசலும் அட்வான்ஸும் ரொக்கமும் போன்லயே நடக்கும், பங்காளிங்க நாலு பேருக்கு பங்கு பிரிச்சுக் காட்டணும். ஈரோட்டு மஞ்சள் மண்டி, கரூர் வீட்டு ஜவுளி, பொள்ளாச்சி தேங்காய் நார்னு ஒவ்வொன்னுக்கும் தனிப் படிப்பு இருக்குது.

இங்க மறைஞ்சிருக்கற செலவு, வேலைக்கு எல்லை இல்லாமப் போறது. ஓனர் வீட்டு கரண்ட் பில்லு கட்டறது, பேங்குக்கு செக் எடுத்துட்டுப் போறது, கலெக்சனுக்கு போன் போடறது, ஆபீஸ்ல ஆள் வரலைன்னா பில் போடறதும் நீங்கதான். சின்னக் கம்பெனில இது சகஜம், கொஞ்ச நாளைக்கு நல்லதும் கூட, தொழில் எப்படி ஓடுதுன்னு புரியும். ஆனா அதுவே வருசக்கணக்கா போச்சுன்னா நீங்க கணக்குல வளரவே மாட்டீங்க, ஏன்னா பேலன்ஸ் ஷீட்ட ஆடிட்டர் ஆபீஸ்ல முடிச்சுருவாங்க, உங்களுக்கு என்ட்ரியும் அலைச்சலும்தான். 2024ல இருந்து சின்னக் கம்பெனிகள்கிட்ட வாங்கினதுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கலைன்னா அந்த வருசம் செலவுல எடுக்க முடியாதுன்னு ஆனதுக்கப்பறம் மார்ச் மாசம் யாருக்கு மொதல்ல குடுக்கறதுன்னு ஓனரோட உக்காந்து பாக்கற ஆளுக்கு மதிப்பு ஏறிருக்குது. அந்த மேசைல உங்களுக்கு ஒரு சேர் கெடைக்குமான்னு பாருங்க.

யாருக்கு ஒத்து வரும்: அடிப்படை ஓரளவு தெரிஞ்சவங்களுக்கு, ஊர விட்டு போக முடியாதவங்களுக்கு, ஒரு தொழில ஆழமாப் புடிச்சு பைனான்ஸ் மேனேஜர் வரைக்கும் போலாம்னு நெனைக்கறவங்களுக்கு.

கோயமுத்தூர் ஐடி பார்க், வெளிநாட்டுக் கணக்கு

பீளமேடு, சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா கம்பெனிகளுக்கு கணக்கு எழுதற வேலை கெடைக்குது. டேலிக்கு பதிலா குவிக்புக்ஸ், ஜீரோ (Xero)ங்கற சாப்ட்வேர். ஏசி ஆபீஸ், ஒழுங்கான சம்பளத் தேதி, பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும். இங்கிலீஷ்ல மெயில் எழுத, போன்ல பேச பழகிரும், அது நெம்பப் பெரிய சொத்துங்க, நம்ம பக்கத்துப் பசங்களுக்கு கணக்கு நல்லா வரும், வாய் தெறந்து பேசத்தான் தயங்குவாங்க.

எந்த நாட்டு வேலைன்னு பாத்து சேருங்க, வாழ்க்கையே அதுலதான் மாறும். இங்கிலாந்துன்னா மத்தியானம் போயிட்டு ராத்திரி வரலாம், தனிநபர் ரிட்டர்ன் கடைசித் தேதி ஜனவரி 31, அதனால பொங்கல் டைம்ல நெருக்கும். ஆஸ்திரேலியான்னா விடியக்காலைல ஆரம்பிச்சு மத்தியானம் முடிஞ்சுரும், வருசக் கணக்கு ஜூன் 30ல முடியும். அமெரிக்கான்னா ராத்திரி ஷிப்ட், ஜனவரில இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் சீசன். ராத்திரி ஷிப்ட்ல சம்பளம் எச்சா வரும், ஆனா ஒடம்புக்கு ஆகற செலவு சம்பளச் சீட்டுல தெரியாது. புள்ளைங்க ராத்திரி ஷிப்ட்னா கேப் வீட்டு வாசல் வரைக்கும் வருதா, மெயின் ரோட்லயே எறக்கி விட்டுர்றாங்களான்னு கேக்காம சேரவே கூடாது.

இன்னொரு செலவு மெதுவாத்தான் தெரியும். நாலு வருசம் அந்தக் கணக்குலயே இருந்துட்டா ஜிஎஸ்டி, டிடிஎஸ் கையவிட்டுப் போயிரும், திரும்ப ஈரோடு, கரூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வரணும்னா மறுபடி மொதல்ல இருந்து. அதே மாதிரி சில ஆபீஸ்ல பில்ல பாத்து என்ட்ரி போடறது மட்டும்தான் வேலை, அது சாப்ட்வேரே பண்ற காலம் வந்துருச்சு. ரிவியூ, ரிட்டர்ன் தயார் பண்றதுன்னு மேல போற வழி இருந்தா சேருங்க. அமெரிக்க வேலைல நெலைச்சு நிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா என்ரோல்டு ஏஜெண்ட் (அமெரிக்க வரித்துறை தர்ற உரிமம்) பரீட்சை எழுதிக்கலாம், மூணு பார்ட்டு, இந்தியாவுல இருந்தே எழுத முடியும், அது கையில இருந்தா பேரம் பேசற பலம் வரும். அந்தப் பீஸ கம்பெனி கட்டுதுன்னா கூடவே எத்தன வருசம் பாண்டு போடச் சொல்றாங்கன்னு படிச்சுப் பாத்து கையெழுத்து போடுங்க.

யாருக்கு ஒத்து வரும்: ஊர விட்டு வந்து தங்க முடிஞ்சவங்களுக்கு, இங்கிலீஷ வளத்துக்கணும்னு இருக்கறவங்களுக்கு, கடன் அடைக்க மாசச் சம்பளம் தேதிக்கு வேணுங்கறவங்களுக்கு.

தனியா பண்றது

நாலஞ்சு கடை, ரெண்டு வொர்க்‌ஷாப்புன்னு மாசக் கணக்கு எழுதிக் குடுத்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறது. பி.காம் முடிச்சவங்க ஜிஎஸ்டி பிராக்டீஷனரா பதிவு பண்ணி, நேசின் (மத்திய அரசோட வரிப் பயிற்சி நிறுவனம்) நடத்தற பரீட்சையும் எழுதிக்கலாம். டேக்ஸ் ஆடிட் கையெழுத்து சிஏ மட்டும்தான் போட முடியும், அதனால ஒரு நல்ல ஆடிட்டரோட தொடர்பு வேணும்.

அனுபவம் இல்லாம இதுல எறங்க வேண்டாம்னு கெஞ்சிக் கேக்கறேன். த்ரீபி ஒரு நாள் லேட் ஆனா 50 ரூபா, நில் ரிட்டர்ன்னா 20, அது சின்னக் காசு, ஆனா கிரெடிட்ட தப்பா எடுத்து நோட்டீஸ் வந்தா பார்ட்டி உங்க வீட்டு வாசல்லதான் நிப்பார். பீஸ் வாங்கறதும் லேசுப்பட்டதில்ல, சொந்தக்காரர், ஒரே ஊருக்காரர்னு ஆரம்பிச்சா "அப்பறம் தர்றனுங்க கண்ணு"லயே ரெண்டு வருசம் ஓடிரும். பிஎஃப் இல்ல, ஈஎஸ்ஐ இல்ல, காய்ச்சல் வந்தாலும் 20ஆம் தேதி 20ஆம் தேதிதான். ஆனா ஆறேழு வருசம் ஆடிட் ஆபீஸ்லயும் கம்பெனிலயும் இருந்துட்டு வந்தவங்களுக்கு, குறிப்பா குழந்தைங்க ஸ்கூல் போற நேரத்துல மட்டும் வேலை பாக்கணும்னு இருக்கற அம்மாக்களுக்கு, இத விட நல்ல வழி நான் பாத்ததில்ல.

ஒட்டுக்கா ஒரு பார்வை

| எத வெச்சு | ஆடிட்டர் ஆபீஸ் | கம்பெனி | வெளிநாட்டுக் கணக்கு | தனியா |
|---|---|---|---|---|
| கத்துக்கறது | அகலமா, பைனல் வரைக்கும் | ஒரு தொழில ஆழமா | வெளிநாட்டு முறை, ரிவியூ | தெரிஞ்சத வெச்சுத்தான் |
| ஆரம்பக் காசு | கம்மி | நடுத்தரம் | எச்சா, தங்கற செலவு போக பாக்கணும் | நெலையில்ல |
| கழுத்தப் புடிக்கற நேரம் | ஜூலை முதல் செப்டம்பர் | மாசத்துல 7 முதல் 20, மார்ச் | நாட்டப் பொறுத்து | எல்லா 11, 20 |
| மறைஞ்ச செலவு | நேரம், ஒரே சீட்டு | எல்லையில்லாத வேலை | தூக்கம், உள்ளூர் வரி மறந்து போறது | வராத பீஸ் |

கணக்கு சுத்தமா இல்லாத எடம்

நாலு வழிலயும் இது வரலாம், அதனால கடைசியா வெச்சேன். சரக்கே வராம பில்லு மட்டும் வாங்கி கிரெடிட் எடுக்கச் சொல்ற எடம், ரெண்டு கணக்கு வெச்சிருக்கற எடம், சம்பளம் எவ்வளவு குடுத்தாலும் வேண்டாம். அதுலயும் ஒன்ன மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். "உன் பான், ஆதார் குடு தம்பி, உன் பேர்ல ஒரு ஜிஎஸ்டி நெம்பர் எடுத்துக்கலாம், சும்மா பேருக்குத்தான்"னு யாராவது கேட்டா, அவர் எவ்வளவு நல்ல மொதலாளியா இருந்தாலும், "வேண்டாமுங்க"ன்னு சொல்லிருங்க. அந்த நெம்பர்ல நடக்கற ஒவ்வொரு பில்லுக்கும் டிபார்ட்மெண்ட் உங்களத்தான் தேடி வரும். வீட்ல இருக்கற அம்மா, மனைவி பேர்ல கேட்டாலும் அதே பதில்தான்.

சுத்தமா இல்லையான்னு உள்ள போகாம எப்படித் தெரியும்னா, கொஞ்சம் தெரியும். 2023 ஏப்ரல்ல இருந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர்ல யார் எப்ப எத மாத்தினாங்கங்கற பதிவு ஓடிட்டே இருக்கணும்னு சட்டம். அங்க டேலில எடிட் லாக் ஓடுதான்னு சாதாரணமாக் கேட்டுப் பாருங்க, பதில் எப்படி வருதுன்னு பாருங்க. உங்களுக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்தவர் ஏன் போனார்னும் கேளுங்க. மூணு வருசத்துல நாலு அக்கவுண்டண்ட் மாறின எடம்னா வெளிய விசாரிக்காம சேராதீங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வெச்சுக்கற எடத்துலயும் சேராதீங்க.

மாறறதுன்னு முடிவு பண்ணிட்டா

ஆடிட் ஆபீஸ்ல இருந்து வர்றவங்க செப்டம்பர் 30 தாண்டி சொல்லுங்க, நடுவுல விட்டுட்டு வந்தா அந்த ஊர்ல எல்லா ஆடிட்டரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, பேர் கெட்டுப் போயிரும். கம்பெனில இருந்து வர்றவங்க 20ஆம் தேதி முடிச்சுட்டு பேசலாம். கெளம்பறப்ப ஜிஎஸ்டி போர்ட்டல், இன்கம்டேக்ஸ், ஈவே பில் எல்லாத்துலயும் உங்க போன் நெம்பரோ மெயிலோ இருந்தா மாத்தி விட்டுட்டு வாங்க, இல்லைன்னா புது எடத்துல மீட்டிங்ல உக்காந்திருக்கறப்ப பழைய ஓனர் ஓடிபி கேட்டு கூப்பிட்டுட்டே இருப்பார், எதாவது தப்பு நடந்தாலும் உங்க நெம்பர்தான் அதுல நிக்கும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பாஸ்வேர்டு லிஸ்ட், செக் புக் எல்லாம் எழுதி கையெழுத்து வாங்கி ஒப்படைங்க. ரிலீவிங் லெட்டர் வாங்கிக்குங்க, பிஎஃப்ல எக்ஸிட் தேதி போட்டாங்களான்னு பாருங்க, அவங்க போடலைன்னா கடைசியா பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு ஆன்லைன்ல நீங்களே போட்டுக்கலாம்.